துண்டுக்கு அடியில்

எங்கள் மெஷினுக்கு மூன்று பாஷை தெரியும்:
மலையாளம், இந்தி, இங்கிலீஷ்.
வாங்கிப் பொருத்தியவர்கள்
கொழிஞ்சாம்பாறையில் யார் வந்து படுப்பார்கள் என்று யோசிக்கவில்லை.
தமிழுக்கு நான்தான். மைக்கை அழுத்தி,
"மூச்சை இழுங்க. அப்படியே நிறுத்துங்க."
அடுத்ததற்கு மட்டும் நாக்கு தடுக்கும்.
"மூச்சை விடுங்க" என்று
நம் பாஷையில் ஒருவரிடம் சும்மா சொல்லிவிட முடியாது.
"சாதாரணமா இருங்க" என்பேன்.

ஆறுக்குட்டி, அறுபத்திரண்டு,
வேலந்தாவளத்து மாட்டுத் தரகர்.
ராத்திரியிலிருந்து பட்டினி. கிரியாட்டினின் சரி.
ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்து முடித்து
"கன்னுக்குட்டிக்குக்கூட இப்படி ஊத்தமாட்டோமுங்க" என்றார்.
சட்டையைக் கழற்றினார், அரைஞாணைக் கழற்றினார்,
துண்டை மட்டும் தரவில்லை.
தரகனுக்கு அதுதான் கடை.
சரி, காலடியில் கிடக்கட்டும் என்றேன்.

மருந்து ஏறும்போது உடம்பு சுடும்,
ஒண்ணுக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும், போயிருக்க மாட்டீர்கள்.
எழுபது நொடி.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
துண்டு துண்டாக வரத் தொடங்கினார்.
நுரையீரல். ஈரல்.
இடுப்புக்கு உள்ளே, இடப்பக்கம்,
பெருங்குடல் ஓரிடத்தில் வாய் கட்டிய சாக்கு போல.
சுவர் தடித்திருக்கிறது. அதற்கு வெளியே
கறுப்பாய், சுத்தமாய் இருக்கவேண்டிய கொழுப்பில்
வெள்ளையாய் முள் கீறல்கள்.
வேலி தாண்டிவிட்டது.
பக்கத்தில் ஒரு நெறிக்கட்டி, தட்டைப்பயறு அளவு.
வெறும் வீக்கமா, விதை விழுந்துவிட்டதா,
படம் சொல்லாது,
வெட்டியெடுத்து நுண்ணாடியில் வைத்தால்தான் தெரியும்.
ஈரலை மூன்று முறை மேலும் கீழும் உருட்டினேன்.
அது என் வேலை இல்லை.
எழுதுவது லிசி டாக்டர், சாயங்காலம்.
சொல்வது சர்ஜன், வெள்ளிக்கிழமை.

ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தும்போது கேட்டார்:
"நாலு வரைக்கும் எண்ணிச் சொன்னாருங்க அம்மணி, சர்ஜன்.
நாலுன்னா கத்தி வச்சுப் பிரயோசனமில்லையாமா."
நான் பஞ்சையே பார்த்தேன்.
"பல்லைப் புடிச்சுப் பாக்காமயே
மாட்டுக்கு வயசு சொல்ற கூட்டம் நீங்க.
வாயால ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம்."

என் மணிக்கட்டில் துண்டு விழுந்தது.
அடியில் அவர் கை என் கையைத் தேடிப் பிடித்தது.
கையுறை போட்டிருந்தேன். கழற்றச் சொல்லவில்லை.
ஆள்காட்டி விரலைத் தொட்டார்.
நடுவிரலைச் சேர்த்தார்.
மோதிர விரலையும் பிடித்தபோது
நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.
அடுத்ததற்குப் போனார்.
சுண்டுவிரல் மடங்கிக்கொண்டது.
நான் மடக்கவில்லை என்று எந்த விசாரணையிலும் சொல்வேன்.

துண்டை உதறித் தோளில் போட்டார்.
"படிஞ்சுது."

கவுண்டரில், ஒற்றப்பாலத்துப் பையனிடம்
முந்நூறு குறைக்கச் சொல்லி மலையாளத்தில் மல்லுக்கட்டியதும்,
அவன் கை நீட்டாததைப் பார்த்து
"வியாபாரம் தெரியாத பய" என்று தமிழில் திட்டியதும்
உள்ளே வரை கேட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது பேர் படுத்தார்கள்.
ஏழு பேருக்கு மெஷினே பேசிக்கொண்டது.

ஆறரைக்கு ரிப்போர்ட் வந்தது:
சுவருக்கு மூன்று.
நெறிக்கட்டிக்கு ஒன்று, பக்கத்தில் கேள்விக்குறி.
ஈரலுக்கும் நுரையீரலுக்கும் சேர்த்து ஒரு பூஜ்யம்.

என் டிபன் பாக்ஸ் காலையில் வைத்த இடத்திலேயே,
மூடி திறக்காமல்.