தாயைக் காட்டுங்க

கவுஞ்சியில் பஸ் நின்றபோது
பனி வேலியை விட்டு எழவில்லை.
சடையப்ப மன்னாடி காரியைத்தான் முதலில் அவிழ்த்தார்.
திமிலில் ஓர் ஆள் உட்காரலாம்.
அலைதாடி முழங்காலைத் தொட்டு ஆடியது.
என் கொழுந்தன் நல்லமுத்து
கொம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் தோளை முழம் போட்டேன்.
போட்டதும் கை தானாக இறங்கியது.

போன தையில் எங்கள் பூம்பாறைப் பட்டியில்
இதே தோள்.
இரவல் காளை, தலையீத்துக் கிடேரி, பெயர் சுட்டி.
பனிக்குடம் உடைந்து ஆறு மணி நேரம்.
இரண்டு குளம்பு, ஒரு மூக்கு நுனி,
அப்புறம் ஒன்றுமில்லை.
டாக்டர் ஜெனிட்டா தோள்வரை கையை விட்டு
"இழுங்க" என்றார், "நிறுத்துங்க" என்றார்,
மறுபடி இழுக்கச் சொன்னார்.
கயிறு என் உள்ளங்கையை அறுத்தது.
கன்று வந்தது.
அப்பனை உரித்துவைத்த கன்று,
ஊரே மெச்சும் எலும்பு,
நாக்கு மட்டும் நீலம்.
சுட்டி மூன்றாம் நாள்வரை எழப் பார்த்தாள்.
அந்த அழகை எல்லாம் புதைக்க
பூண்டுக்காட்டில் இரண்டு பாத்தி போயிற்று.

"பின்னால நிக்கிற மறை?"
"அதுவா?" மன்னாடி சிரித்தார்.
"பொறந்தப்போ பூண்டு மூட்டையில பாதி இல்ல.
ராத்திரி எப்ப விழுந்துச்சுன்னே தெரியாது,
காலையில பார்த்தா பால் குடிச்சிட்டு நிக்குது."
அவர் குறையாகச் சொன்னார்.
நான் விலையாகக் கேட்டேன்.

"இவன் தாயைக் காட்டுங்க."

கொட்டகையின் கடைசியில் நின்றாள், ஏழாம் ஈத்து.
வாலடியில் இரு பக்கமும் குழி விழுந்து
மடி இறுகி,
இன்றைக்கோ நாளைக்கோ.
நான் போகவில்லை என்றேன்.
நல்லமுத்து மூன்று மணி பஸ்ஸில் திரும்பினான்,
தலையில் அடித்துக்கொண்டு.
"காளை வாங்க வந்தவ மாட்டுக்குக் காவலா?"
மன்னாடி ஒரு கம்பளியும்
கருப்பட்டிக் காப்பியும் கொடுத்தார்.
காளையிடம் பாலைப் பார்க்க முடியாது.
அது அவன் மகள்களில்தான் இறங்கும்,
நாலு வருஷம் கழித்து.
அதற்குள் பார்க்கவேண்டுமென்றால்
பின்னால்தான் போகவேண்டும்,
அவன் வந்த வழிக்கு.

இரண்டேகாலுக்கு அவள் எழுந்தாள்.
ஒரு சுற்று, படுத்தாள்,
மறு சுற்று.
கத்தவில்லை.
டார்ச்சை முந்தானையால் பொத்திக்கொண்டேன்.
இரண்டு குளம்பு.
மூக்கு.
நெற்றி.
தோள் வந்த இடத்தில் நான் மூச்சை நிறுத்தினேன்;
அவள் நிறுத்தவில்லை.
வைக்கோலில் ஈரத் துணி விழுந்த சத்தம்.

நாற்பது நிமிடம். கை படவில்லை, கயிறு படவில்லை.

பிறகு நாக்கின் சத்தம்தான்.
சொரசொரவென்று, விடாமல்,
மூக்கில் தொடங்கி வால்வரை,
மறுபடி மூக்கு.
கன்று மூன்று முறை விழுந்தது.
நாலாம் முறை நேராகக் காம்புக்கு.
காம்புகள் விரல் நீளம்,
தரையில் தவழாத மடி,
தேடவேண்டிய அவசியமே இல்லை.
கிட்டே போனேன்.
கொம்பால் என்னைத் தள்ளினாள், குத்தவில்லை.
அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் மன்னாடி
மறைக்கு இரண்டாயிரம் கூட்டிச் சொன்னார்.
ராத்திரி முழுக்க
அவரும் விழித்திருந்திருக்கிறார்.
பேரம் பேசவில்லை.

மன்னவனூர் கடையில் நிறுத்தியபோது
டீ ஆற்றுகிறவர் கேட்டார்:
"காளையா அக்கா, கழுதையா?"
மறை அவர் கதவோரப் புல்லை மேய்ந்தான்.

எங்கள் பட்டியில் பன்னிரண்டு மாடு,
அதில் ஐந்து தலையீத்து.
அந்தக் கயிறு இன்னும் ஆணியில் தொங்குகிறது.
கழற்றி எறியக் கை போய்ப் போய்த் திரும்புகிறது.
ஒன்பது மாதம், மேலே பத்து நாள்.
அப்போது கேளுங்கள்.