பதினைந்தில் எட்டு

காலியரியில் மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
நவம்பர் பிறந்தால் கப்ராஸுக்கு ஒரு போன்.
எஃபிசியா மூர்தாஸ், பதிவேட்டில் ஒன்பதாம் எண்,
மடவை மீனின் சினையை உப்பிட்டு உலர்த்தி விற்கிறவள்.
பதினொரு கேள்வி. காய்ச்சல் உண்டா, காயம் ஆறுகிறதா,
கழுத்தில் கட்டி ஏதும்?
"கட்டியா? கடன்தான்" என்பாள்.
நான் 'இல்லை' என்று குறிப்பேன்.

அவள் ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் சதுப்பு.
கொசுக்காய்ச்சல் தோற்றுத் திரும்பிய ரத்தம்தான் அங்கே மிஞ்சியது.
சதுப்பை வற்றவைத்தார்கள், கொசு போயிற்று,
ரத்தத்துக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.
தாயிடமும் தகப்பனிடமும் அதையே வாங்கியவளுக்கு
முப்பத்தோரு வயதுவரை
மூன்று வாரத்துக்கொரு முறை
முகம் தெரியாதவர்களின் ரத்தம்.

பிறகு அந்தப் படிவம். நாற்பத்திரண்டு பக்கம்.
பல் பிடுங்கிய வைரஸ் ஒன்று
சரியான எழுத்தைச் சுமந்துபோய் மஜ்ஜைக்குள் இறக்கும்.
எந்த வரியில் இறக்கும் என்பதற்கு உறுதி இல்லை.
'கருத்தரிப்பு பாதிக்கப்படலாம்', பக்கம் பத்தொன்பது.
தலையெழுத்தை மாற்றக் கையெழுத்துக் கேட்டோம்.
பேனா எழுதவில்லை. உதறிவிட்டுப் போட்டாள்.

வேலை செய்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.
ஏழு வருடம், ஒரு பை ரத்தம்கூட ஏற்றவில்லை.
சைக்கிள் வாங்கினாள்.

ஐந்தாம் நவம்பரில் அவள் என்னைக் கேட்டாள்:
"மற்றவர்கள் நலமா?"
சஸ்ஸாரியில் நான்காம் எண்ணுக்கு ரத்தப் புற்று.
வைரஸா, அதற்குமுன் கொடுத்த மருந்தா, தற்செயலா,
குழு கூடிக்கொண்டே இருந்தது.
"விதிமுறைப்படி சொல்ல இயலாது" என்றேன்.
கொஞ்ச நேரம் போனில் அவள் பக்கத்துக் காற்று.
"சொல்லிவிட்டாய்" என்றாள்.

எட்டாம் வருடம் கம்பெனி கைமாறியது.
வாங்கியவர்களுக்கு எங்கள் தீவில் லாபம் இல்லை.
பதிவேட்டை மூடு, உறைபெட்டிக் குழாய்களை மிலானுக்கு அனுப்பு.
பதினைந்து வருடம் கவனிப்போம் என்றது நாற்பதாம் பக்கம்.
அடுத்த பக்கத்தில், சின்ன எழுத்தில், 'இயன்றவரை'.

அந்த நவம்பரில் நான் அழைக்கவில்லை.
பத்தொன்பதாம் தேதி என் சொந்த போன் அடித்தது.
எண் எப்படிக் கிடைத்ததோ.
"கேள்" என்றாள்.

கணினியில் அவள் பெயர் திறக்கவில்லை.
கரண்ட் ரசீதின் முதுகில் எழுதினேன்.
காய்ச்சல், இல்லை. காயம், ஆறுகிறது.
கழுத்து
என்றதும் நின்றாள்.
"பட்டாணி அளவு. சளியால் இருக்கும்."

நான்காவது கேள்வியைக் கேட்கவில்லை.
"காலை முதல் ரயிலில் வா" என்றேன்,
"நிலையத்தில் நிற்கிறேன்."
"எந்த விதிமுறைப்படி?" என்றாள்.