ஒரு நொடிக்கு மேல்

ஓல்டனில் நவம்பர் என்றால் மூடுபனி.
ஜன்னலுக்குக் கீழே ஆரே ஆறு ஓடுகிறது என்பதை
நம்பித்தான் ஆகவேண்டும்.

பேருந்துகளில் தொலைந்ததையெல்லாம்
ஒரு தரவுத்தளத்தில் வைத்திருக்கிறோம்:
குடைகள், ஒற்றைக் கையுறைகள், ஒரு டிரம்பெட்,
பாதி தின்ற பிறந்தநாள் கேக்
(அந்த வரி அன்றைக்கே நீக்கப்பட்டது).
பொருள்கள் கிடங்கில். வரிகள் என்னிடம்.

போன மாதம் எனக்கு விழுந்த வேலை
சர்வரின் பதிவுகளை மேகத்துக்கு அனுப்புவது.
மேகம் இருப்பது ஃப்ராங்க்ஃபுர்ட்டில்,
நெடுஞ்சாலை ஓரம், ஜன்னலில்லாத கட்டடத்தில்.
மழை கிடையாது. மாதாமாதம் பில் உண்டு.

அனுப்பும் நிரல் சின்னது, பொறுமைசாலி.
கோப்பின் வாலருகே குந்தியிருக்கும்.
வரி விழுந்தால் எடுத்து, முத்திரை குத்தி, அனுப்பும்.
இணையம் அறுந்தால்
எந்த பைட்டில் நிறுத்தினோம் என்று குறித்துக்கொண்டு
காத்திருக்கும்.
அடுப்பை அணைத்தேனா என்று
பாதி வழியில் திரும்புகிறவள் நான்.

எல்லா வரியும் விழாது.
ஒரு நொடிக்கு மேல் இழுத்த தேடல் மட்டும்
பதிவாகட்டும் என்று வைத்திருக்கிறோம்.
சட்டென்று விடை கிடைத்தவர்கள்
எங்கள் கண்ணில் படுவதில்லை.

முதல் வாரம் வந்ததைப் படித்துப் பார்த்தேன்.
அதிகாலை 2:44. நாலு நொடி.
தேடிய சொல்: காது கேட்கும் கருவி, இடது.
மறுநாள் 2:51. அதே சொல்.
ரோபோ, என்றான் ரெத்தோ.
மூன்றாம் நாள் ஓர் எழுத்து பிழை.
அடுத்த வரியில் திருத்தம்.
ரோபோவுக்கு விரல் நடுங்காது, ரெத்தோ.

கிடங்கில் விசாரித்தேன்.
மூன்று கருவிகள் இருந்தன.
மூன்றும் வலது.

பிறகு, கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் அந்த ஞாயிறு.
மூன்றாக வேண்டியது மறுபடி இரண்டானது.
எங்கள் கோப்பில் 2:47, அதன் கீழே 2:47.
இரட்டை வரி, ஒன்றை அழி, என்றான்.
மேகம் உலகப் பொது நேரத்தில் எழுதியிருந்தது:
00:47.
01:47.
நடுவில் ஒரு முழு மணி.
அவரோ அவளோ, தூங்கப் போகவில்லை.

சட்டப் பிரிவின் ஃப்ராவ் வைபெல் ஒரு விதி அனுப்பினார்:
எல்லை தாண்டுமுன்
மேற்கோள் குறிக்குள் இருப்பதெல்லாம்
கேள்விக்குறியாக வேண்டும்.
நியாயம்தான். பெயர், தொலைபேசி எண்,
யார் எந்த வண்டியில் போனார்
எல்லாம் அதற்குள்தானே கிடக்கிறது.
ஒற்றை வரியில் எழுதி முடித்தேன்.
அன்றிலிருந்து குடையும் கேள்விக்குறி,
டிரம்பெட்டும் கேள்விக்குறி,
இடது காதும்.

நாலு நொடி மட்டும் மறையவில்லை.
வரைபடத்தில் இரவுதோறும் ஒரு சிவப்பு முள்.
மேகம் என்னை எழுப்பி எழுப்பிக் கேட்டது.
சொல்லை மும்மூன்று எழுத்தாக நறுக்கி
அடுக்கி வைக்கும் ஒரு சுட்டி கட்டினேன்.
நாலு நொடி பன்னிரண்டு மில்லிநொடியானது.
எல்லாம் பச்சை.
ரெத்தோ பிறை ரொட்டி வாங்கிவந்தான்.

அதன் பிறகு 2:47 காலி.
வருகிறாரா, கைவிட்டாரா, இறந்துவிட்டாரா,
மூன்றுக்கும் மேகத்தில் ஒரே வெற்றிடம்.
வரம்பைப் பூஜ்யமாக்கினால் தெரிந்துவிடும்.
ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் காசு.
அதோடு, தெரிந்துகொள்ள நான் யார்?

இன்று காலை ஒரு புது வரி:
காது கேட்கும் கருவி, பின் இருக்கையின் இடுக்கு.
பக்கம் குறிக்கப்படவில்லை.

மாடி இறங்கிக் கிடங்குக்குப் போனேன்.
எண் ஒட்டிய சிறு பையிலிருந்து எடுத்து
என் காதருகே வைத்துப் பார்த்தேன், ஒட்டாமல்.
வளைவு பொருந்தியது இடது பக்கம்.

மேலே வந்து வரியைத் திருத்தினேன்.
ஒரு நொடிகூட ஆகவில்லை.
எங்கும் பதிவாகவில்லை.