என்ன மீனுக்கு

குருநகர் ஐஸ் வாடியில்
சவிரிமுத்தர் உளியை நிறுத்திக் கேட்டார்:
"என்ன மீனுக்குப் பிள்ளை?"
நெல்லுக்கு என்றேன்.
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
அரைப் பாளம் உடைத்து
உமியில் புரட்டிச் சாக்கில் கட்டித் தந்தார்.
காசு வாங்கும்போது மட்டும் ஒருதரம்
"நெல்லுக்கோ" என்றார்.

ஆய்வுகூடத்து ஐஸ் இயந்திரம் பழுதாகி
இது மூன்றாம் கிழமை.
திருநெல்வேலி மட்டும் ஸ்கூட்டியின் காலடியில்
சாக்கு ஒழுகிக்கொண்டே வருகிறது.
ஆஸ்பத்திரி வீதியில் கால்விரல் மரத்துவிட்டது.
அதற்குள்ளும் இந்நேரம்
ஏதோவொரு கதவு திறந்திருக்கும்.

குளிர்ப்பெட்டிக்குள் பத்துப் பாகை.
பதினாலு நாள் வயதான மொட்டைக்கறுப்பன் நாற்றுகள்.
இவை பிறந்த மண் பத்துப் பாகையைக் கண்டதில்லை.
ஆனாலும் குளிர் பட்டதும்
கலத்தின் சவ்வு, ஆறிய நெய்போல, இறுகுகிறது.
கல்சியம் உள்ளே பாய்கிறது.
அதுவரை பிறக்கப் பிறக்க அழிக்கப்பட்டுவந்த
ஒரு புரதம்
அழியாமல் நின்றுகொள்கிறது.
அதற்கும் ஐஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்
(சவிரிமுத்தருக்கு இதை எப்படிச் சொல்வேன்).
அது போய், உறங்கும் மரபணுவின் வாசலில்
கை வைக்கிறது.

இரண்டு மணித்தியாலத்தில் இலை நறுக்கி
ஐஸில் புதைத்த உரலில் அரைக்கிறோம்.
தர்மினி மூச்சை அடக்கிக்கொண்டு அரைப்பாள்.
கொஞ்சம் சூடு கண்டாலும் ஆர்.என்.ஏ.
சொல்ல வந்ததைச் சிதறடித்துவிடும்.
கூடம் முழுக்க மீன் மணம்.

மேசையில் நாவற்குழிக் கதிர்க்கட்டு.
தையில் நாலு இரவு, பதினெட்டுப் பாகை.
அதைக் குளிர் என்று சொல்லவே வெட்கப்படுவோம்.
குடலைப் பருவத்தில் நின்ற பயிருக்கு
மகரந்தம் மலடாகிவிட்டது.
கனமில்லாத கதிர், தலைகுனியத் தெரியாமல் நின்றதாம்.
கொண்டுவந்த நவரத்தினராசா ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு நெல்லை நகத்தால் பிளந்து காட்டினார்.
சப்பி.

மாலையில் திரையில் கோடு எழுந்தது:
ஆறு மடங்கு, ஒன்பது, பதினேழு.
தர்மினி மேசையில் ஓங்கித் தட்டினாள்.
மற்றத் தட்டில்,
போன கிழமை உள்ளே வைத்த அதே இன நாற்றுகள்
நுனி சுருண்டு வெளிறிக் கிடக்கின்றன.
குளிர் கூப்பிட்டது கேட்டிருக்கிறது.
பதிலும் சொல்லியிருக்கின்றன.
போதவில்லை.

நவரத்தினராசாவுக்கு எதைக் காட்டுவது,
கோட்டையா, தட்டையா?

கை கழுவப் போனால்
தொட்டியில் சாக்கின் மிச்சம்:
கரைந்த தண்ணீரில் மிதக்கும் உமி.
உள்ளே ஒன்றுமில்லாத உமிதான்
குருநகரிலிருந்து இந்த வெயிலில்
ஐஸைக் காத்துக் கொண்டுவந்திருக்கிறது.

நாளைக்கு ஒரு முழுப் பாளமாக வாங்கவேண்டும்.