குளிருக்குப் போர்த்தியது

போரா காற்று கிளம்பிவிட்டால் பசோவிட்சாவில்
சைக்கிள்களைக் கம்பத்தோடு கட்டிவைப்பார்கள்.
இன்றிரவு குப்பைத்தொட்டிகளையும்.
சுண்ணாம்புக் குன்றின்மேல்
எலெக்ட்ரான்கள் மட்டும் காற்று தெரியாமல்
சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எனக்கும் நீவெஸுக்கும் எட்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.
அதில் இரண்டைக் கதிர் அணைந்து தின்றுவிட்டது.
காற்றுதான் என்றாள் நீவெஸ்.
ஃப்யூஸ் என்றார் துவிலியோ, டார்ச்சோடு போனவர்.
மிச்ச நேரத்துக்கு இருபத்திரண்டு படிகங்கள்.
இமைமுடி கனத்தில் நைலான் வளையம்;
அதில் ஏந்தி ஏந்தி நிறுத்தினோம்,
நைட்ரஜன் ஊதும் குளிரில்.
மைனஸ் நூற்று எழுபத்து மூன்று.

காசநோய்க் கிருமிக்குள் ஓர் என்சைம்.
அதன் இடுப்பில் ஒரு குழி.
அந்தக் குழிக்கென்றே ஒத்தாவியா
பதுவாவில் பதினொரு மாதம் சமைத்த மூலக்கூறு,
எண் நாற்பத்தேழு.
காகிதத்தில் கச்சிதம். கணினியில் அதைவிட.
பூட்டும் சாவியும் என்று எழுதியவர்கள்
இரும்புப் பூட்டைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.
இது மூச்சு விடும் பூட்டு,
சாவியைக் கண்டால் வாயை மாற்றிக்கொள்ளும்.

பதினாறு படிகங்கள் கீறல் விட்டன.
பதினேழாவது தாங்கியது.
புள்ளிகளை எண்ணாக்கி, எண்களை நீல வலையாக்கி,
குழிக்குள் எட்டிப் பார்த்தோம்.
நாற்பத்தேழு அங்கே இல்லை.
அதன் இரட்டை வளையம் இல்லை, குளோரின் இல்லை.
பச்சையாய் ஒரு குமிழ் மட்டும்,
நகக்கண் அளவுக்கு வளைந்து.

மூன்று கார்பன். மூன்று ஆக்ஸிஜன்.
நீவெஸ்தான் முதலில் சிரித்தாள்.
கிளிசரால்.
உறைபனி கிழித்துவிடக் கூடாதென்று
படிகத்துக்கு நாங்களே போர்த்திய போர்வை.

மூன்றரைக்குப் பதுவாவுக்குப் போன் போட்டேன்.
"குழி காலியாக இல்லை."
"ஆனால்?"
"உன்னுடையது இல்லை."
இருமல் மருந்தில் இனிப்புக்குக் கலப்பது
காசநோயின் மடியில் உட்கார்ந்திருக்கிறது என்றேன்.
அவள் வெனெத்தோ வழக்கில்
கெட்ட வார்த்தை ஒன்றை நிதானமாகச் சொன்னாள்.
பிறகு கேட்டாள்:
"டைரோசின் எங்கே நிற்கிறது?"

அதை நாங்கள் பார்க்கவே இல்லை.
குழியிலேயே கண் இருந்தது.
இதுவரை எல்லாப் படங்களிலும்
கதவாய்ச் சாத்தி நின்ற டைரோசின்,
கிளிசராலுக்கு ஒதுங்கி வழி விட்டிருந்தது.
அதன் முதுகுக்குப் பின்னால்
யாரும் வரைந்திராத ஓர் அறை.
உள்ளே இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள்
தூக்கம் கலைந்தவை போல.

"எவ்வளவு ஆழம்?"
"ஆறு ஆங்ஸ்ட்ராம். கொஞ்சம் குறைச்சலாகவே வை."
பேனா மூடி கழலும் சத்தம் கேட்டது.
நாற்பத்தெட்டு வந்து சேர நாலு மாதமாவது ஆகும்.
அதையும் இந்தக் கதவு மறுக்கலாம்.

வெளியே துவிலியோ கயிறோடு ஓடுகிறார்,
அவர் கட்ட மறந்த சைக்கிளின் பின்னால்.
பதினெட்டாவதைக் கிண்ணத்திலிருந்து எடுக்கிறாள் நீவெஸ்.
போர்வையை மாற்றிவிடலாமா என்றேன்.
கண்ணை எடுக்காமல் சொன்னாள்:
இருக்கட்டும்.