வேரோடு ஒரு பல்

பிரிக்பீல்ட்ஸில், பூக்கடைக்கு இரண்டு மாடி மேலே,
டாக்டர் தவமலர் விளக்கை என் வாய்க்குள் திருப்பி
"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றார்.
வாய் நிறையப் பஞ்சு.
தொல்லுயிரியல் என்றேன்.
ஒல்உயியியல் என்று வந்தது.
பாரத்தில் எழுதியிருந்ததையும்
முன்மேசைப் பெண் தொல்பொருள் என்று
அன்போடு திருத்தி வைத்திருந்தாள்.

பத்தொன்பது வருடமாக நானும் பல் பார்ப்பவள்தான், டாக்டர்.
ஊருக்கு வடக்கே, கார் கழுவும் கடைக்குப் பின்னால்
ஒரு சுண்ணாம்புக் குன்று.
பாதியை லோரிகள் சிமெண்டுக்கு ஏற்றிப்போய்விட்டன.
மீதியின் குகைச் சுவரில், காரையாய் இறுகிய செம்மண்ணில்
ஒராங்குட்டான், காட்டுப்பன்றி, ஒரு கரடி.
பற்கள் மட்டும்.
முள்ளம்பன்றிகள் இழுத்துவந்து
இரவிரவாகக் கொறித்து எலும்பை முடித்து
பல்லின் வேரையும் தின்று
எனாமல் கடிபடாமல்
மேல்மூடியை விட்டுப்போயின.
முள்ளம்பன்றி வேண்டாமென்றதை வைத்து
ஒரு காட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாறையைக் கரைக்கக் காடிப் புளிப்பு. வாரக்கணக்கில்.
"ஊறுகாயா டீச்சர்?" என்பார் காவலாளி முனுசாமி.
டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது.
மேலிடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.

பல்லைச் சுரண்டி எடுத்த பொடி, ஒரு சிட்டிகை,
அந்தப் பன்றி நிழலில் மேய்ந்ததா
வெட்டவெளியில் மேய்ந்ததா என்று சொல்லிவிடும்.
நெல்லுக்குக் காட்டின் கணக்கு.
கரும்புக்குப் புல்வெளியின் கணக்கு.
என் பல்லைச் சுரண்டினால்
செந்தூல் பள்ளிக் கேண்டீனில்
இருபது காசுக்குக் குடித்த சிரப் தண்ணீர் எல்லாம் சேர்ந்து
என்னைப் புல்வெளிப் பிராணி ஆக்கிவிடும்.
புல்வெளியாம்.
நாங்கள் இருந்தது பதினான்காவது மாடி.

டக்கென்று ஒரு சத்தம்.
"வந்திருச்சு" என்றார் டாக்டர்.
வேண்டும் என்று கை நீட்டினேன்.
ஒரு கணம் பார்த்தார்,
கழுவி, டிஷ்யூவில் மடித்துக் கொடுத்தார்.
இருநூற்று இருபது வெள்ளி.

ரயிலில் உதடு என்னுடையதாக இல்லை.
பல் சட்டைப்பையில்.
ஆய்வுக்கூடத்தில் விளக்கைப் போட்டு
கரடிக்கும் பன்றிக்கும் நடுவில் வைத்தேன்.
என் தட்டில் இத்தனை நீள வேரை
நான் பார்த்ததே இல்லை.
இரண்டு கால், லேசாக வளைந்து,
எங்கோ நடக்கப் புறப்பட்டதுபோல.

சீட்டு எழுதினேன்:
கீழ்த்தாடை, இடது, கடைசிக் கடைவாய்ப்பல்.
கிடைத்த இடம்: பூக்கடைக்கு மேல்.
வேர்: முழுமை.
கொறித்த தடம்:

பேனாவை வைத்துவிட்டு
மின்னஞ்சலை இன்னொருமுறை திறந்து பார்த்தேன்.
பிறகு எழுதினேன்,
இதுவரை இல்லை.