தசை என்று வந்தது

முத்திரை ஆய்வாளன் நான்.
இருபத்திரண்டு வருடமாக
பிறர் தராசுகளைச் சந்தேகிக்கச் சம்பளம்.
காசிமேட்டிலிருந்து மூலக்கொத்தளம் வரை
முத்திரை இல்லாத தட்டில்
ஒரு நெத்திலி ஏறாது,
நான் வரும் நாட்களிலாவது.

அப்பேர்ப்பட்ட நான்
ஆடித் தள்ளுபடியில்
ஒரு கண்ணாடிப் பலகை வாங்கினேன்.
வெறுங்காலோடு ஏறி நின்றால்
உடம்பு கைபேசியில் கணக்காக வந்து விழும்:
கொழுப்பு, தசை, நீர், எலும்பு.
போதாதென்று உடலின் வயதும்.
எனக்கு ஐம்பத்தொன்று. அதற்கு அறுபத்து மூன்று.

முதல் ஞாயிறே சோதனை போட்டேன், தொழில் புத்தி.
ஐந்து கிலோ படிக்கல்லை
பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு ஏறினேன்.
எடை சரி. ஐம்பது கிராம்கூடப் பிசகில்லை.
ஆனால் அந்த இரும்பில் பாதிக்கு மேல்
கொழுப்பு என்றது.
உயரத்தில் இரண்டு அங்குலம் பொய் சொன்னேன்,
குறைந்தது.
'விளையாட்டு வீரர்' கட்டத்தைத் தொட்டேன்,
நின்ற இடத்திலேயே ஏழு சதவீதம் இளைத்தேன்.
குளித்த ஈரத்தில் ஒன்று,
காய்ந்த குதிகாலில் ஒன்று.
"தீவுத்திடல் பொருட்காட்சியில்
வளைஞ்ச கண்ணாடியே தேவல" என்றாள் கற்பகவல்லி.

தேடிப் படித்தேன்.
ஒரு காலில் நுழையும் துளி மின்சாரம்
தொடை ஏறி, இடுப்பில் திரும்பி
மறுகாலில் இறங்கிவிடுகிறது.
வயிற்றை அது எட்டிப் பார்ப்பதே இல்லை.
பீச் ஸ்டேஷனில் இறங்கி டீ குடித்துவிட்டு
மெட்ராஸ் முழுக்க அத்துப்படி என்கிற ஆள்.
தண்ணீர் இருந்தால் ஓடும்,
கொழுப்பு இருந்தால் தடுமாறும்,
மீதியெல்லாம் ஊகம்.
கடையில் இருந்தால் பறிமுதல் செய்திருப்பேன்.
வீட்டில் இருந்ததால் தினமும் ஏறினேன்.

ஐப்பசியில் அது என்மேல் கனிந்தது.
முப்பத்தொன்று, முப்பது, இருபத்தெட்டு.
எடை மட்டும் மூன்று கிலோ கூடியிருந்தது.
தசை என்றது.
மாடிப்படி ஏறுவதால் என்று நானும் நம்பினேன்.
இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கியதைப்
பயிற்சிக் கணக்கில் எழுதினேன்.
செருப்பு வார் இறுகியது
மழையில் தோல் சுருங்கி.

சகாயமேரிக்கு இரண்டு முறை அபராதம் போட்டிருக்கிறேன்,
தட்டுக்கு அடியில் புளி ஒட்டியதற்கு.
அவள்தான் கூடையிலிருந்து நிமிராமலே சொன்னாள்:
"இன்னா சார், காலு
தண்ணில ஊறப்போட்ட எறா கணக்கா கீது."
ஊறப்போட்ட எறா அவளுக்குத் தெரியும்.
வெளுத்து, பளபளத்து,
நூறு கிராமில் இருபது கிராம் தண்ணீர் விற்கும்.
செதில் ஒட்டிய கட்டைவிரலால்
என் கணுக்காலை ஓர் அழுத்து அழுத்தி
எடுத்தாள்.
குழி அப்படியே நின்றது,
நான் குத்திய எந்த முத்திரையையும்விடத் தெளிவாக.

ஸ்டான்லியில் பதினோரு நாள்.
இதயம் இறைக்கிற வேகம் போதவில்லையாம்,
மழைக்கால வியாசர்பாடி மோட்டார் மாதிரி.
வார்டில் ஒரு பழைய கம்பித் தராசு,
முத்திரை காலாவதியாகி மூன்று வருடம்.
வாயைத் திறக்கவில்லை நான்.
தினமும் விடியலில் அதிலேறி
என்னிலிருந்து அரைக் கிலோ அரைக் கிலோவாகக்
கடல் வடிவதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பலகையில் நின்றேன்.
கொழுப்பு முப்பத்து மூன்று.
இந்த மாதம் தசையை இழந்துவிட்டீர்கள் என்று
கைபேசி வருத்தப்பட்டது.

டாக்டர் தினம் எடை பார்க்கச் சொல்லியிருக்கிறார்,
சட்டென்று இரண்டு கிலோ ஏறினால் ஓடிவரவேண்டும்.
முதல் எண்ணை நம்பலாம், கல் வைத்துப் பார்த்தாயிற்று.
மற்றவற்றைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்கிறேன்.
பிறகு அதே விரலால் கணுக்காலை.

அடுத்த மாதம் சகாயமேரியின் தராசு
மறுமுத்திரைக்கு வருகிறது.
தட்டைத் திருப்பித்தான் பார்ப்பேன்.
அது வேறு கணக்கு.